கப்பலில் இருக்கும் பிள்ளைக்குக் கரையிலிருந்து துணை நிற்பது எப்படி?

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971 போரில் நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சி வரை போய்த் தாக்கிவிட்டுத் திரும்பிய இரவை நினைத்துக் கொண்டாடும் நாள் அது. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே என் போனுக்கு வாழ்த்துகள் வரும். கொடிப் படம், கப்பல் படம், ‘சல்யூட் சார்’ என்று ஒரு வரி. அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன். அந்த வாழ்த்து யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவன் அந்த நேரத்தில் அரபிக்கடலில் எங்கேயோ ஒரு எஞ்சின் அறையில் நின்றுகொண்டிருப்பான்.

“மாமா, நேவியில இருக்கிறவங்களுக்கு நாங்க என்ன செஞ்சிர முடியும்?” என்று ஊர்ப் பையன்கள் கேட்பதுண்டு. நிறையச் செய்யலாம் மக்களே. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். நீராவி பாய்லர் ஓடிய காலத்து ‘கிரி’ வகைக் கப்பல்களில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து, சீஃப் பெட்டி ஆபிசராக ஓய்வு பெற்றேன். நான் கடலில் இருந்தபோது என் வீட்டுக்கு ஊரார் செய்ததையும், இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் லீவில் வந்து என்னிடம் சொல்வதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். தரையில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டில் ஒரு கஷ்டம் என்றால், ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வந்துவிடலாம். கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு இவன் நினைத்தாலும் இறங்க முடியாது. அப்பா வழுக்கி விழுந்தாலும், மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தாலும், மழையில் வீட்டுச் சுவர் சரிந்தாலும் அவன் அங்கேயேதான் இருப்பான். அந்த நேரத்தில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாம் போய் நிற்பதுதான் அவனுக்குச் செய்கிற பெரிய மரியாதை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவன் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நன்றி சொல்வதற்கு முன்னால் எதற்கு நன்றி என்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை யூனிபாரத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, நேவி வேலை சொகுசான வேலை என்று பேசுகிறவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அந்த வெள்ளை உடுப்பு விழாவுக்கும் அணிவகுப்புக்கும் உள்ளது. கடலில் அவன் உடம்பில் கிடப்பது எண்ணெய்க் கறையும் வியர்வையும்தான்.

கப்பலில் ஒரு நாளை வாட்ச் வாட்சாக, அதாவது மாறி மாறி நிற்கும் பணி நேரங்களாகப் பிரித்திருப்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் உள்ளதற்கு மிடில் வாட்ச் என்று பெயர். அதை முடித்துப் படுத்தால், காலையில் மற்றவர்களோடு சேர்ந்து மறுபடியும் வேலைக்கு இறங்க வேண்டும். படுக்கை என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். என் காலத்தில் பாய்லர் அறையின் சூட்டை நாகர்கோவில் பங்குனி வெயிலோடு ஒப்பிடவே முடியாது. நீராவிக் குழாயின் பக்கத்தில் கை தவறிப் பட்டால் தோல் உரிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே மீட்டர்களைப் பார்த்து எழுதுவோம். வள்ளத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வாந்தி வரும். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிறவனுக்கு அடிவானம் தெரியாது, அதனால்தான் தலை சுற்றும்.

இதெல்லாம் போர் இல்லாத நாளில். 2008 அக்டோபரிலிருந்து ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளைக்கு எதிராக நம் கப்பல் ஒன்று மாறி மாறி நின்றுகொண்டே இருக்கிறது. 2024 ஜனவரியில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பல் ஏவுகணை அடிபட்டுத் தீப்பிடித்தபோது, ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தின் ஆட்கள் அதில் ஏறித் தீயை அணைத்தார்கள். எண்ணெய்க் கப்பலில் தீ என்றால் என்ன என்பது எஞ்சின் அறையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியை வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே வருடம் மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா, கடத்தப்பட்டிருந்த ரூயன் என்ற சரக்குக் கப்பலை வழிமறித்து, 35 கொள்ளையர்களைச் சரணடைய வைத்து, பிடித்து வைத்திருந்த 17 பேரையும் உயிரோடு மீட்டது. நாற்பது மணி நேரம் நீண்ட வேலை அது. நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் மீன்பிடிக்கப் போனவர்களும், சரக்குக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! அந்த வீடுகளுக்கு இந்தச் செய்திகள் தூரத்துச் செய்திகள் இல்லை.

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர்களாக இருந்தால், டிசம்பர் முதல் வாரத்தில் மாணவர்களைக் குளச்சல் வெற்றித் தூணுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனிக்காரர்களைத் தோற்கடித்த கரை அது. அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை, கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கடல் வழியாக யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஏன் ஆள் வேண்டும் என்பது, அந்த மணலில் நின்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

கடிதம் எழுதுங்கள், பார்சல் அனுப்புங்கள்

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். கரையை விட்டுச் சில மைல் போனாலே போனுக்கு டவர் கிடைக்காது. தவிர, 2019 டிசம்பரில் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை போட்டது. அப்படிப்பட்ட இடத்தில் காகிதம்தான் கூடவே இருக்கும். மிடில் வாட்ச் முடிந்து படுக்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடியும் வாசிக்கலாம்.

‘தேசத்தின் காவலரே’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ஊரை எழுதுங்கள். தேங்காப்பட்டணத்தில் இன்றைக்கு என்ன மீன் வந்தது, சாளை என்ன விலைக்குப் போனது, திற்பரப்பில் தண்ணீர் விழுகிறதா, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டதா, சுசீந்திரம் தேரில் எவ்வளவு கூட்டம், அவன் படித்த பள்ளிக்கூடத்தில் யார் புது வாத்தியார். சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும், மறுநாள் கடற்படை நாள். திருவிழா செய்தியை எழுதி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்கிற மாதிரி தபாலில் போட்டால் அவனுக்கு ஊருக்கு வந்துபோனது போல இருக்கும். கெட்ட செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ‘அம்மைக்கு ரொம்ப முடியலை’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள். என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், இப்போது யார் கூட இருக்கிறார்கள் என்று முழுவதும் எழுதுங்கள். பாதிச் செய்தி கடலில் மனிதனை அரித்துவிடும்.

முகவரி விஷயத்தில் கவனம். பெயர், பதவி, பர்சனல் நம்பர், கப்பலின் பெயர், அதன் கீழே ஃப்ளீட் மெயில் ஆபிஸ் (கடற்படைக் கப்பல்களுக்கான தபால் நிலையம்), மும்பை அல்லது விசாகப்பட்டினம் என்று அவன் எழுதிக்கொடுத்தபடியே எழுதுங்கள். கப்பல் எங்கே இருந்தாலும் தபால் அந்த ஆபிஸுக்குப் போய்ச் சேர்ந்து, கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் மொத்தமாக ஏறும். அதனால் பார்சல் அனுப்பும் முன் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் வெளியே போயிருந்தால் உங்கள் பலகாரம் வாரக்கணக்கில் தபால் பையில் கிடக்கும்.

என்ன அனுப்பலாம்? ஏத்தங்காய் சிப்ஸுக்குத்தான் முதல் இடம். தேங்காய் எண்ணெயில் புதிதாகப் பொரித்தது, நன்றாக ஆறிய பிறகு கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்துச் சவுத்துப்போய், சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். சர்க்கரை வரட்டி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். முந்திரிக்கொத்து நம் மாவட்டத்துக்காரனைக் கண் கலங்க வைக்கும். பாகு முற்றியதாக இருந்தால் கெடாது. மேல்மாவு உடையாமல் இருக்க, டப்பாவுக்குள் அடுக்குக்கு அடுக்கு தாள் வையுங்கள். அச்சு முறுக்கை மட்டும் தனி டின்னில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும். சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி மூன்றையும் இடித்துக் கலந்த காப்பிப் பொடி ஒரு பொட்டலம். வயிற்றைப் புரட்டும்போது வாயில் அடக்கிக்கொள்ள இஞ்சி மரப்பா, நம் மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு கொஞ்சம். கருவாடும் மீன் ஊறுகாயும் வேண்டாம். மெஸ் என்று நாங்கள் சொல்லும் மாலுமிகளின் தங்கும் அறையில் காற்று குறைவு, பத்து இருபது பேர் சேர்ந்து தூங்குகிறார்கள், அதில் பஞ்சாப்காரனும் இருப்பான், ஒடிசாக்காரனும் இருப்பான். மட்டிப்பழத்தை அனுப்ப எல்லோருக்கும் ஆசை வரும், ஆனால் வழியிலேயே அழுகிவிடும். அவன் லீவில் வரும்போது குலையாகத் தொங்கவிடுங்கள்.

அளவு எப்போதும் ஒரு ஆளுக்கு மேல் இருக்கட்டும். மெஸ்ஸில் ஒருவன் டின்னைத் திறந்தால் எல்லோருடைய கையும் உள்ளே வரும். அப்படித்தான் வர வேண்டும்.

மௌனத்துக்குப் பழகுங்கள்

கப்பல் செயிலிங் போய்விட்டால் போன் வராது. ஒரு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நீர்மூழ்கியில் இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் கடினம். நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990-லிருந்து நீர்மூழ்கிகளுக்குத்தான் செய்தி அனுப்புகிறது. மிகக் குறைந்த அலைவரிசையில் அனுப்பும் சிக்னல் கடல்நீருக்குள் கொஞ்ச ஆழம் வரை இறங்கும், அதை நீர்மூழ்கி மேலே வராமலே வாங்கிக்கொள்ளும். ஆனால் பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்து செய்தி கிளம்பிப் போகிறது, பிள்ளையிடமிருந்து ஒரு சொல் வராது. அந்தத் தாய்மாரிடம் போய், “என்ன, இன்னும் போன் வரலியா?” என்று தினமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவர்களைக் குத்தும். அதற்குப் பதில் ஒரு சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

கப்பலின் போக்குவரத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு சேவைதான். “தம்பி நாளைக்குக் கொச்சிக்கு வாறான்” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட வேண்டாம். கப்பலின் முன்னால் எடுத்த போட்டோவைப் பெருமைக்காகப் பகிர வேண்டாம். 2019-இல் கடற்படை ஆட்கள் சிலர் முகம் தெரியாத பெண்களின் பேச்சை நம்பி ஃபேஸ்புக் வழியாகத் தகவல் கொடுத்துக் கைதான பிறகுதான் அந்த போன் தடை வந்தது. அதே வலையை வீட்டார் பக்கமும் வீசுவார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், பென்ஷன் ஆபிஸிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, மகன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று கேட்டால் போனை வைத்துவிடச் சொல்லி வயதானவர்களுக்குப் பழக்குங்கள்.

வீட்டுப் பக்கம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தெருவில் ஒரு வீட்டின் பிள்ளை கடற்படையில் இருக்கிறான் என்றால், பக்கத்தில் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி யாருடையது? ரத்தம் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவது? ஸ்கூலில் பெற்றோர் கூட்டம் என்றால் மனைவியோடு யார் போவது? மாமனார் மாமியாரையும் கைக்குழந்தையையும் ஒரே ஆளாகச் சுமக்கும் பெண்ணுக்கு, “நான் இருக்கேன் அக்கா” என்று சொல்வதைவிட “செவ்வாய்க்கிழமை ரேஷன் நான் வாங்கித் தாறேன்” என்று சொல்வது பெரிய உதவி. நாள் குறித்துச் சொல்லுங்கள், சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

எங்கள் காலத்தில் அவசரம் என்றால் தந்தி. அந்தச் சேவையே 2013-இல் நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் அவனுடைய முழுப்பெயர், பதவி, பர்சனல் நம்பர், கப்பல், அது எந்தத் தளத்தைச் சேர்ந்தது, அங்கே கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் எழுதி, வீட்டில் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். லீவில் வரும்போதே அவனிடம் எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் சேர்க்கை என்றால் டாக்டர் கையெழுத்திட்ட சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லீவு கொடுக்கும் மேலதிகாரிக்கு அது உதவும். வழி தெரியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஓய்வு பெற்ற எங்களில் ஒருவரைத் தட்டி எழுப்பினாலும் போதும்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் அடித்து, சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை பக்கமெல்லாம் எத்தனையோ பேர் திரும்பாமல் போனார்கள். எச்சரிக்கை நேரத்தோடு வரவில்லை, தேடுதல் தாமதமானது என்ற கோபம் எங்கள் மக்களுக்கு இன்றும் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நானும் அந்தக் கரையில் நின்று அழுதவன்தான். ஆனால் அந்தக் கோபத்தைக் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளையின் முகத்தில் காட்டாதீர்கள். எங்கள் பக்கம் ஒரே வீட்டில் மூத்தவன் வள்ளத்தில் இருப்பான், இளையவன் கப்பலில் இருப்பான். கப்பலை எப்போது எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறவன் அவன் இல்லை. அனுப்பிய இடத்தில் கண் விழித்துத் தேடியவன் அவன்.

லீவில் வரும்போது

மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒன்றரை நாளுக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து வருகிறான். முதல் நாள் அவனைத் தூங்க விடுங்கள். அப்புறம் மரச்சீனியும் மீன் கறியும் வையுங்கள். கல்யாண வரன், நிலத் தகராறு, பெயர் சேர்க்க வேண்டிய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் முதல் நாளே அவன் தலையில் ஏற்ற வேண்டாம். அவனாகப் பேசினால் கேளுங்கள். எந்தக் கப்பல், எங்கே போனீர்கள் என்று துருவ வேண்டாம்.

அக்னிவீராகப் போன பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் தனிக் கவனம் வேண்டும். அவர்களுக்கு வருடத்துக்கு 30 நாள்தான் லீவு. நாலு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போக முடியும். மற்றவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். அப்படி வருகிறவனைப் பார்த்து “என்ன, அனுப்பிட்டாங்களா?” என்று கேட்கிற ஊராக நம் ஊர் இருக்கக் கூடாது. ஒடிசாவில் சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்தின் பயிற்சியைத் தாங்கி, கடலில் நின்றுவிட்டு வந்தவன் அவன். உங்களிடம் ஒர்க்‌ஷாப்போ கடையோ ஐஸ் பிளான்ட்டோ இருந்தால் முதல் வேலையை அவனுக்குக் கொடுங்கள். பம்பு, ஜெனரேட்டர், வயரிங் என்று ஏதாவது ஒன்றில் கை பழகியிருக்கும், சொன்ன நேரத்துக்கு வருவான். இப்போது பெண் பிள்ளைகளும் மாலுமிகளாகப் போகிறார்கள். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியிலேயே இருநூறுக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். மகளைக் கப்பலுக்கு அனுப்பிய வீட்டில் போய், ‘பொம்பளப் பிள்ளையை ஏன் அனுப்பினீங்க’ என்று கேட்காமல் இருப்பதே அந்த வீட்டுக்கு நாம் செய்யும் உதவி.

திரும்பாதவர்களின் வீடு, வயதானவர்களின் வீடு

1971 டிசம்பர் 9-இல் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் கப்பலை விட்டு வரவில்லை. கடற்படையில் சேர்ந்த ஒவ்வொருவனும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்கிறான். பணியில் இறந்தவர்களின் வீடு உங்கள் ஊரில் இருந்தால், நினைவு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். பூமாலையோடு போக வேண்டும் என்று இல்லை. அவன் பெயரைச் சொல்லிப் பேசினாலே அந்தத் தாய்க்கு முகம் தெளியும்.

டிசம்பர் 7 கொடி நாள். பள்ளியிலோ அலுவலகத்திலோ உண்டியல் வந்தால் முடிந்ததைப் போடுங்கள். அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான் போகிறது.

அப்புறம், குடும்பப் பென்ஷன் வாங்கும் வயதான அம்மாக்கள். ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஆன்லைனில் எல்லாம் மாறிய பிறகு பல பேருக்கு அது புரியவில்லை. கட்டுமரம் இழுத்தும் மீன் சுமந்தும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் மெஷினில் பதியாது. அவர்களை வெயிலில் வரிசையில் நிறுத்த வேண்டாம். முகத்தைக் காட்டிச் சான்று பதியும் வசதி ஜீவன் பிரமாண் என்ற அரசுச் சேவை வழியாக ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது. ஆதார் எண்ணும் பென்ஷன் ஆணை எண்ணும் எடுத்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் உள்ள திண்ணையில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பதிவானதும் வரும் எண்ணை அவர்கள் பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், யாராவது கேட்டால் தேட வேண்டியிருக்காது.